போரில் மடிந்த நம் தெருவினர்: தெருவாசிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், திரளாக வந்திருக்கும் தெருவாசிகளுக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவை பற்றித் துணைச் செயலாளர் தனியே அறிக்கை அளிக்க இருப்பதால், முதல் உலகப் போரில் உயிர் நீத்த நம் தெருவின் படைவீரர்களை நினைவுகூர்வதற்காகச் சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த பணியைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன்.

தெருமுனைச் சுவரில் பதித்திருக்கும் பளிங்குக் கல்லை நாம் எல்லோரும் அறிவோம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று எண்ணிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும் இத்தகைய கற்கள், பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் நம் பகுதியில் மட்டுமன்றி நாட்டின் வேறு பல ஊர்களிலும் உள்ளன. நம் கல்லின் மீது ஆண்டுதோறும் பூசப்பட்டுவந்த சுண்ணாம்பும், அதன்மேல் யாரோ அடித்த எனாமல் பெயின்டும் சேர்ந்து எழுத்துகளின் பள்ளத்தையே மூடியிருந்தன. அமிலம் ஊற்றினால் ஒரே நாளில் வேலை முடியும் என்று சிலர் சொன்னார்கள்; அமிலம் பளிங்கையே அரித்துவிடும் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. தண்ணீரும் மரச்சீவலும் மென்மையான தூரிகையும் கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நம் தெரு இளைஞர்கள் பொறுமையுடன் சுரண்டி எடுத்தார்கள். அவர்களுக்கு இப்பேரவையின் நன்றி உரித்தாகுக.

கல் தெளிந்த பிறகுதான் அதில் இல்லாதது கண்ணை உறுத்தத் தொடங்கியது. ஒரு பெயர்கூட அதில் இல்லை. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெசபடோமியா (இன்றைய இராக்) களத்தில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. ஆனால் அங்கும் இந்தியப் படையைப் பொறுத்தவரை அதிகாரிகளின் பெயர்களே பொறிக்கப்பட்டன, சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணாகச் சேர்க்கப்பட்டார்கள். பிரான்சில் உள்ள நெவ் ஷாப்பல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன என்பதை நினைத்தால், எந்தக் களத்தில் இறந்தார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய பெயர் கல்லில் ஏறியது அல்லது விடுபட்டது என்பது விளங்கும். இறந்தோர் அனைவரையும் சமமாக நடத்தவில்லை என்பதை, இந்நினைவகங்களுக்குப் பொறுப்பான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியான அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

ஆகவே இவ்வாண்டின் பெரும்பகுதி பெயர்களைத் தேடுவதிலேயே கழிந்தது. அந்த ஆணையத்தின் பதிவேடுகளில் பல இந்திய வீரர்களுக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரை குறித்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய உதவியாயிற்று. வீரரின் பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதப்பட்டிருப்பதால், அதை மட்டும் வைத்து எவரையும் உறுதிசெய்ய இயலவில்லை. தந்தை பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்துவந்தால், அதன்பின் அந்தக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தோம்.

கீழ்ச்சிறகில் உள்ள ஒரு வீட்டில், பூஜை அறை மாடத்தில் குங்குமம் வைத்துப் பாதுகாக்கப்பட்ட வெண்கலத் தகடு ஒன்றை எங்களுக்குக் காட்டினார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே அகன்ற வட்டம். சிங்கத்துடன் நிற்கும் பிரிட்டானியா என்னும், பிரிட்டனை உருவகிக்கும் பெண் உருவம், அவள் கைக்கு அருகே ஒரு சிறு கட்டத்தில் இறந்தவரின் பெயர். போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் வழங்குவதற்காகப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்ட இத்தகடுகளில், தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்காகப் பதவியைக் குறிக்கவே இல்லை. அந்த வீட்டு அம்மாள், தன் மாமனாருக்கு இதுதான் அப்பாவின் முகம் என்றார்கள். பதக்கங்கள் வைத்திருப்போர் அவற்றின் விளிம்பையும் பார்க்க வேண்டுகிறேன். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பஞ்ச காலத்தில் வெள்ளிக்காக உருக்கப்பட்டவை போக மிஞ்சியவற்றை இனியாவது விற்றுவிடாமல் காக்க வேண்டும்.

அந்நிய ஆட்சிக்காகப் போரிட்டவர்களுக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் கேட்டார். நேர்மையான கேள்வி, அதற்கு உரிய மதிப்புடன் விவாதித்தோம். நம்மவர்கள் பேரரசின் கொள்கையை வகுத்தவர்கள் அல்லர். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்காக, வானம் பார்த்த பூமியை விட்டுக் கப்பலேறியவர்கள். 1918இல் காந்தியடிகளே குஜராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாம் செய்வது ஆட்சிக்கு விழா அன்று, வீடு திரும்பாத நம் தெருப் பிள்ளைகளுக்குச் செய்யும் கடன் என்ற கருத்தைக் கேள்வி எழுப்பியவரே முன்மொழிந்து தீர்மானமாக்கினார். அதன்படி, போர்நிறுத்தம் ஏற்பட்ட நாளான நவம்பர் 11 அன்று கல்லின் முன் கூடி, உறுதியான பெயர்களைத் தந்தை பெயருடன் உரக்க வாசித்தோம். பள்ளி மாணவர்களே வாசித்தார்கள்.

கல் சொல்லும் எண்ணிக்கைக்கும் நாம் கண்டறிந்த பெயர்களுக்கும் இன்னும் இடைவெளி உள்ளது. கல் ஊர் முழுவதற்கும் பொதுவானது என்பதால் மற்றத் தெருக்களின் ஒத்துழைப்பும் தேவை. பழைய கல்லில் கை வைக்காமல், அதன் அருகே தமிழில் பெயர்ப்பலகை ஒன்றை நிறுவவும், பின்னர் கிடைக்கக்கூடிய பெயர்களுக்கு அதில் இடம் விட்டுவைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதற்கான செலவு மதிப்பீட்டைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். உறுதிசெய்த பெயர்ப் பட்டியல் மேசைமீது வைக்கப்பட்டுள்ளது; பிழை இருப்பின் அக்குடும்பத்தார் இன்றே என்னிடம் தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்