நவம்பர் 1 பூங்கா விழா: முன்னேற்பாட்டுக் கூட்டம்

குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நமது குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததை நினைவுகூரும் விழாவை, நாகர்கோவில் வேப்பமூடு மாநகராட்சிப் பூங்காவில் நடத்துவது பற்றி முடிவெடுக்க, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூடுகிறோம்.

1. மாநகராட்சி ஆணையருக்கு அளிக்கவிருக்கும் அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்திட, வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டுகிறோம்.

2. ஒலிபெருக்கிக்குத் தனியே அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அதற்கு இடமில்லை என்பதால், 9 மணிக்கே நிகழ்ச்சிகளை முடிப்பது நல்லது என்பது என் கருத்து.

3. ஐப்பசி மழைக்குப் பந்தல் அவசியம். ஆனால் மரங்களில் ஆணி அடிப்பதோ, வேரருகே குழி தோண்டிக் கால் நடுவதோ கூடாது. மணல் நிரப்பிய டிரம்களில் கால் நிறுத்தித் தரும் பந்தல்காரரை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். நடைப்பயிற்சிக்கு வரும் முதியோரின் பாதையும் குழந்தைகளின் ஊஞ்சல் பகுதியும் அன்றும் திறந்தே இருக்க வேண்டும். விழா நம்முடையதானாலும் பூங்கா எல்லோருக்கும் உரியது.

4. உணவு வாழையிலையில் மட்டுமே. நெகிழித் தட்டு, குவளை வேண்டாம்.

5. அலங்காரத்துக்குத் தோவாளைச் சந்தையில் பூ வாங்கப் பொறுப்பேற்க இருவர் தேவை.

கூட்டத்துக்கு வருவோரும், வர இயலாதோரும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இக்குழுவிலேயே பதிலளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

– செயலாளர்