வேண்டாம் என்று சொன்னவருக்கு முதல் நன்றி

இந்த மடல் எட்டு மாதம் தாமதமாக வருகிறது. சேலத்துக்குத் திரும்பிய கையோடு எழுதியிருக்க வேண்டும். மாம்பழ சீசன் வந்தது, மாமியாரின் கண் ஆபரேஷன் வந்தது, அப்புறம் காரணமே இல்லாத சோம்பலும் வந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பதினோரு வாரம், நானும் என் வீட்டுக்காரரும் நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு பழைய வேனில் குடித்தனம் நடத்தினோம். அத்தனை நாளுக்கு வாடகை வேன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழைய வண்டி ஒன்றை வாங்கிப் படுக்கை அடித்து ஓட்டிவிட்டு, கிளம்பும்போது விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் இருவருக்கும் ஆணி அடிக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது என்பதை அப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை.

முதல் நன்றி சங்ககிரி ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு. கூடவே ஒரு மன்னிப்பும்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் நாங்கள் முதலில் பார்த்த வேன் ஒரு வெள்ளை டொயோட்டா ஹைஏஸ். உள்ளே மெத்தை, பூப்போட்ட திரை, கூரை ஓரமாக சீரியல் லைட் என்று எல்லாம் தயாராக இருந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அங்கே மாலை ஐந்தரை, சேலத்தில் காலை பத்து மணி. சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டோம். அவர் மெத்தையையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. “மாப்ள, காந்தம் ஏதாச்சும் இருக்குதா?” என்றார். முந்தின நாள் வாங்கிய கிவி பறவை படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம் என் கைப்பையில் இருந்தது. அதைக் கதவுக்குக் கீழே, படிக்கட்டு ஓரமாக வைக்கச் சொன்னார். மூன்று இடத்தில் ஒட்டியது. நான்காவது இடத்தில் விழுந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டச் சொன்னார். பட்டறையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லி அவர் சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது. வேலையாட்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தகரம் எழுப்பும் சத்தத்தைக் கேட்டார். நல்ல இடத்தில் ‘டங்’ என்றது. காந்தம் விழுந்த இடத்தில் ‘பொத்’ என்றது.

“துரு மேல பட்டி வெச்சுப் பூசியிருக்கான். வேண்டாம் கண்ணு.”

கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டு என்ன என்று கேட்டவரும் அவர்தான். அங்கே டீசல் வண்டிக்குச் சாலை வரியை ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அப்போது எங்கள் அளவு வண்டிக்கு ஆயிரத்துக்கு 76 டாலர். எத்தனை கிலோமீட்டர் வரை கட்டியிருக்கிறது என்பது அந்தச் சீட்டில் இருக்கும். வண்டியின் மீட்டர் அதைத் தாண்டி ஆறாயிரம் ஓடியிருந்தது. அதாவது 456 டாலர் பாக்கி, வாங்குகிறவர் தலையில் வந்து விழக்கூடிய பாக்கி.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அவரிடம், “உங்களுக்கு லாரியைத்தான் சித்தப்பா தெரியும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளில் பிடிவாதமாகப் பணம் கட்டி அந்த வேனை ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டினோம். நம்மூர் எஃப்.சி. மாதிரி அங்கே சொந்தக் காருக்கும் ‘வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்’ என்ற தகுதிச் சோதனை உண்டு. விற்கும்போது ஒரு மாதத்துக்குள் எடுத்த சான்று இருக்க வேண்டும். ‘இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் விலக்கு. அந்தத் தாளில் கையெழுத்துப் போட நான் பேனாவே எடுத்துவிட்டிருந்தேன். மெக்கானிக் அடிப்பகுதியில் விரலை வைத்து அழுத்தினார். துரு உதிர்ந்து, விரல் உள்ளே போனது. இது சோதனையில் தேறாது என்றார். சித்தப்பா காந்தம் வைக்கச் சொன்ன அதே இடம்.

இதை இதுவரை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை, சித்தப்பா. அந்தத் துருவைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை. அடுத்து நாங்கள் பார்த்த சாம்பல் நிற ஹைஏஸ், 2004 மாடல், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ஓடியது, உள்ளே வெறும் தகரம். அழகே இல்லை. “இது நல்லா இருக்கு” என்றீர்கள். வாங்கினோம்.

வண்டியை எங்கள் பேருக்கு மாற்ற அந்த ஊர் விலாசம் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே குடியேறிய அக்கா ஒருவரை ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தோம். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “எங்கட வீட்டு விலாசத்தைக் குடுங்கோ தங்கச்சி, ஒண்டும் யோசிக்காதேங்கோ” என்றார். விலாசம் மட்டுமா? வீட்டு முன்பகுதியில் பன்னிரண்டு நாள் வண்டியை நிறுத்திக்கொண்டு நாங்கள் பலகை அறுத்தோம். அவர் கார் தெருவில் நின்றது. ரம்பமும் துளை போடும் மெஷினும் அத்தானுடையவை. மதியம் சோறும் சொதியும். எங்கள் பேரில் வந்த பார்க்கிங் அபராதம் ஒன்றை அவரே கட்டிவிட்டு, நாங்கள் விமானம் ஏறின பிறகுதான் சொன்னார்.

எங்களுக்குச் செலவு மிச்சம் பண்ணிக் கொடுத்ததும் அக்காதான். 2023 ஜூனிலிருந்து அங்கே புதுச் சட்டம். முகாமுக்கு வெளியே, அனுமதி உள்ள பொது இடங்களில் வேனை நிறுத்தித் தூங்கப் பச்சைச் சான்று வேண்டும் என்றால் வண்டிக்குள் கழிப்பறை நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். தூக்கி வைக்கிற டப்பா செல்லாது. “பதினொரு கிழமைக்கு அதில காசைக் கொட்டாதேங்கோ” என்றார். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்களில் கழிப்பறை இருக்கிறது. அங்கேயே தங்கினோம்.

படுக்கைச் சட்டம் அடித்ததும் சித்தப்பா சொல்படிதான். வேனின் உள்பக்கம் எங்குமே நேர்கோடு கிடையாது. “மொதல்ல அட்டையில வெட்டிப் பொருத்திப் பாரு, அப்புறம் பலகையத் தொடு” என்றார். அட்டை வெட்டிப் பார்க்காமல் தொட்ட முதல் பலகை வீணானது. 12 மில்லிமீட்டர் பிளைவுட், என்ன விலை! தரையில் புதிதாக ஓட்டை போடாமல், பழைய சீட் போல்ட் இருந்த துளைகளிலேயே சட்டத்தை இரட்டை நட்டுப் போட்டு இறுக்கினோம்.

மின்சார வேலைக்கு ஐந்து ரோட்டுப் பக்கம் இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்யும் தம்பிக்கு நன்றி. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. அவர் ஒவ்வொரு முறையும் சோற்றுத் தட்டோடுதான் திரையில் தோன்றுவார். எங்கள் பேட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர் ஹவர். “ஈய பேட்டரி அக்கா, பாதிதான் உங்களுது, மீதி பாதி பேட்டரியோடது” என்பார். அதாவது, பாதி சார்ஜுக்குக் கீழே இறக்கக் கூடாது. சின்ன ஃபிரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அந்தப் பாதியைத் தின்றுவிடும். ஆகவே கூரையில் சோலார், ஓடும்போது வண்டியிலிருந்தும் சார்ஜ். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைக்கச் சொன்னார். சாண் யாருடையது என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, “அக்கா கை சின்னது, அதால அளங்க” என்று என்னைக் காட்டினார்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை மறக்கக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின டிசம்பரில், மச்சினரின் ஆம்னியில் ஒத்திகையாக ஒரு இரவு படுத்துப் பார்க்க இடம் கொடுத்தார். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டோம். காலையில் கூரையிலிருந்து எங்கள் மூச்சே தண்ணீராகச் சொட்டியது. பெரியவர் சிரித்துவிட்டு, “ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை தொறந்து வெய்யிங்க” என்றார். தென் தீவில் இரவெல்லாம் அதைத்தான் செய்தோம். முன் சீட்டுக்குப் பின்னால் பவானி ஜமுக்காளம் தொங்கியது. அவர் தோட்டத்துச் செம்மண் ஒட்டிய என் ஷூவைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுபோனேன், கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் அதையும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று இவருக்குக் கற்றுக்கொடுத்த மச்சினருக்கும் நன்றி. தென் தீவின் ஆர்தர்ஸ் பாஸ் மலைக்கணவாய் தாண்டி ஓட்டிரா பாலத்தில் அந்தச் சரிவைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் இரண்டாவது கியரைப் போட்டார்.

ஏப்ரல் கடைசியில் விற்றோம், 1,800 டாலர் நஷ்டம். வாங்கியவர் கிவி காந்தத்தையும் கேட்டார். தரவில்லை. அது இப்போது சித்தப்பாவின் பட்டறையில் பீரோ கதவில் இருக்கிறது.

அக்காவுக்குத்தான் இன்னும் கடன். மகளுக்கு ஒரு ஜோடி சேலம் வெள்ளிக் கொலுசு அனுப்புகிறேன், அளவு சொல்லுங்கள் என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. ஆகவே அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் உத்தேசமாகப் பத்து அங்குலத்தில் வாங்கி, இரண்டு வளையம் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். தை மாதம் கிறைஸ்ட்சர்ச் வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். திருப்பி அனுப்பாதேங்கோ.