கூட்டுக் கணக்கும் ரொக்க அறிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் கட்டிய ரொக்கம் மொத்தம் 10 லட்சத்தைத் தொட்டால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நடப்புக் கணக்குக்கு வரம்பு 50 லட்சம். கடலூர் முதுநகர்ப் படகு உரிமையாளர்களிலும் பண்ருட்டி முந்திரி வியாபாரிகளிலும் பலர் தொழில் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே போடுவதால் இந்தப் பட்டியலில் எளிதாக ஏறிவிடுகிறார்கள்.

மீன் ஏலத்தில் வந்த ரொக்கத்தைக் கணக்கில் கட்டுகிறார்கள். டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாம் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். அறிக்கையிலோ கட்டிய தொகை மட்டுமே இருக்கும். எடுத்த பணம் மிஞ்சி, திரும்பக் கட்டினால் அதுவும் இன்னொரு முறை கூட்டப்படும்.

கூட்டுக் கணக்கு இன்னும் மோசம். கணவன், மனைவி பெயரில் உள்ள கணக்கில் 12 லட்சம் கட்டினால் ஆளுக்கு 6 லட்சம் என்று பிரிக்க மாட்டார்கள். விதிப்படி இருவரின் பான் எண்ணிலும் முழு 12 லட்சமும் ஏறும். ஒரு ரூபாய் வருமானம் இல்லாத பெண்ணுக்கும் நோட்டீஸ் வரக்கூடும்.

சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கட்டினால் தப்பலாம் என்று கடைத்தெருவில் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த வங்கியிலுள்ள உங்கள் கணக்குகளை ஆண்டு முழுவதும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். பிரித்துக் கட்டுவதே சந்தேகத்தைக் கிளப்பும்.

வங்கிகள் மே 31-க்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். எனவே ஜூனில் வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, ஏஐஎஸ் எனப்படும் வருடாந்திரத் தகவல் அறிக்கையைப் பாருங்கள். தவறான பதிவைத் திறந்தால் 'தகவலில் ஒரு பகுதி சரியல்ல', 'வேறு பான் எண்ணுக்கு உரியது' என்ற பொருளில் பதில்கள் இருக்கும். பொருந்துவதைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். மீன் ஏல ரசீது, டீசல் பில், ஆட்களின் பங்குக் கணக்கு நோட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வரி ஏய்ப்பைப் பிடிக்க அரசுக்குத் தகவல் வேண்டும், சரி. ஆனால் வங்கியிடம் இருக்கும் ஆவணங்களிலும் வாடிக்கையாளருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, தன்னைப் பற்றிப் போன தகவலை இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் பாரத்தை மீனவர் மேல் ஏற்றுவது நியாயமில்லை. இந்த ஆண்டறிக்கை போகும் அன்றே எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, யார் பெயர்களில் என்று தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். கூட்டுக் கணக்கில் கட்டும் பணம் யாருடையது என்று எழுத, பணம் கட்டும் சீட்டில் ஓர் இடமும் விட வேண்டும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதுவோர்,
கடலூர் முதுநகர்