பிழையின்றித் தமிழ் எழுத மாலை வகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்மூர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பிழையில்லாமல் தமிழ் எழுத ஒரு மாலை வகுப்பு நடத்துவது என்று பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கூடி முடிவு செய்திருக்கிறோம். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி தேவை.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறோம்: “நேற்று மளை பெய்தது நான் வாளைப்பளம் சாப்பிட்டேன் அப்பரம் முயற்ச்சி செய்து படம் வறைந்தேன்.” பிழைகளைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், தன் ஒரு நாளை அழகாகச் சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறாள். நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. சின்ன ர, பெரிய ற இரண்டுக்கும் வேறுபாடு கேட்பதே இல்லை. காது கைகொடுக்காத இடத்தில் கண்ணும் கையும் பழக வேண்டும். அதற்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

சில விஷயங்கள் சீக்கிரம் பிடிபடும். ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண, ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி ன, த-வுக்கு முன்னால் ந. நண்டு, கன்று, பந்து என்று மூன்று படம் வரைந்து காட்டினால் எட்டு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். ற் என்று புள்ளி வைத்துவிட்டால் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. இதைச் சொல்லிவிட்டால் ‘முயற்ச்சி’யும் ‘பயிற்ச்சி’யும் தானாகத் திருந்திவிடும்.

ஆனால் மனமா மணமா, அரையா அறையா என்பதற்கு இப்படிக் குறுக்கு வழி கிடையாது. நிறையப் படிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும், தினமும் எழுத வேண்டும். ஒற்றும் அப்படித்தான். ‘வேலை கொடு’ என்றால் பிழைக்க ஒரு வேலை கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறோம். இரண்டாம் வேற்றுமை என்ற பெயரெல்லாம் பெரிய வகுப்பில் வரட்டும். இந்த வயதில் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, அந்த வேறுபாட்டை உணர்ந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

நிறுத்தற்குறிகளுக்கும் இதே வழிதான். ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தை இன்னொரு பிள்ளை சத்தமாகப் படிக்க வேண்டும். முற்றுப்புள்ளி இல்லாத பக்கத்தில் மூச்சு வாங்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். ‘ரவி மணி எங்கே’ என்று எழுதிவிட்டு, கேட்பது ரவியிடமா, தேடுவது இரண்டு பேரையுமா என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போடுவது இந்த வகுப்பில் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் கவனிக்கிறார்கள். அவர்களிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. அரசு 2021-இல் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வியையும், 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் கொண்டுவந்தது நல்ல காரியம். சின்னக் குழுவாக உட்கார வைத்தால் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறார்கள் என்று நம் தெருக்களிலேயே பார்த்தோம்.

மொத்தத் தேவை ₹1,60,000. இதில் பெரும்பகுதி, ₹1,00,000, ஆசிரியர் பயிற்சி முடித்த நம்மூர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பத்து மாதச் சம்பளம். ஆளுக்கு மாதம் ₹5,000 என்பது குறைவுதான். அதையும் தராமல் சேவை என்று சொல்லி உழைப்பு வாங்க எங்களுக்கு மனமில்லை. அப்படி நடத்தும் வகுப்பு நிலைக்கவும் நிலைக்காது. இரட்டைக்கோடு நோட்டு, சிலேட்டு, பல்பம், எழுத்து அட்டைகளுக்கு ₹14,000. கதைப் புத்தகங்களுக்கு ₹20,000. பசியோடு உட்காரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது, அதனால் மாலைச் சுண்டலுக்கு ₹26,000. மொத்தம் 46 பிள்ளைகள்; ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் ₹3,500 ஆகிறது. ஒரு பிள்ளையின் செலவை முழுதாக ஏற்றாலும் சரி, நூறு ரூபாய் தந்தாலும் சரி, ரசீது உண்டு. கட்டடத்துக்கோ சுவருக்கு வண்ணம் அடிக்கவோ இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம்.

உள்ளூரில் இருப்பவர்கள் குழுப் பொருளாளரிடம் நேரில் தரலாம். வங்கிக் கணக்கு விவரம் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இந்தியாவில் உள்ள தங்கள் கணக்கிலிருந்து அனுப்புங்கள், எங்களுக்குக் கணக்கு வைக்க வசதியாக இருக்கும். வீட்டில் பிள்ளைகள் படித்து முடித்த கதைப் புத்தகங்கள் இருந்தால் அவையும் வேண்டும். தேர்வு கைடுகள் மட்டும் வேண்டாம்.

மே 15-க்குள் பணம் சேர்ந்தால் நோட்டுகளை மொத்த விலைக்கு வாங்கிவிடலாம். வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரை, மாலை 5 மணி முதல் 6.30 வரை பள்ளி வளாகத்திலேயே நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவுக் கணக்கைப் பள்ளி வாசலில் ஒட்டுவோம். அப்போது பிள்ளைகளின் நோட்டுகளையும் மேசையில் வைப்போம். வந்து புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புக் குழுவினர்