நெல்லை கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் பாளையிலும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. முறைப்படி விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலும் நாங்குநேரியிலும் நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனசில்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளைக் கேட்டுக்கொண்டு உங்களிடம் வருவார்கள். "லினக்ஸா? அதுல ஒண்ணும் வேலை செய்யாது" என்று அனுப்பிவிடாதீர்கள். எது ஓடும், எது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது.

முக்கால்வாசித் தகராறு வைஃபையில்தான். லினக்ஸில் கார்டுகளை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே வந்துவிடும். சிப் புதுசு, கெர்னல் பழசு என்றால் கார்டு இருந்தும் இல்லாத கதைதான். அதனால் நேற்று வந்த லேப்டாப்பைவிட இரண்டு வருஷப் பழசு சொன்னபடி கேட்கும். பிராட்காம் சிப் பலவற்றுக்கு டிரைவரையோ, சிப்புக்குள் ஏற்றுகிற ஃபர்ம்வேர் என்ற நிரலையோ தனியாகப் போட வேண்டும். இன்டெல் கார்டு அவ்வளவாகத் தொந்தரவு தராது.

என் தங்கைக்கு நம்மூர்க் கடை ஒன்றில்தான் லேப்டாப் வாங்கினோம். பென் டிரைவில் இருக்கிற லினக்ஸை ஒரு தடவை பூட் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "சீல் உடைச்சா வாரண்டி போயிரும்" என்றார்கள். வீட்டில் மின்ட் போட்டால் சத்தம் வந்தது, கேமரா வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. டெர்மினலில், உள்ளே இருக்கும் கார்டுகளையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டுகிற lspci -k கட்டளை கொடுத்தால் கார்டின் பெயர் வருகிறது. அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைக் காணோம். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, அந்த நெட்டில் புதுக் கெர்னலை இறக்கிய பிறகுதான் வைஃபை உயிர் பெற்றது. இந்தப் போன் வித்தையை உங்கள் சர்வீஸ் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள், நிறைய அலைச்சல் மிச்சம்.

மாடல் பெயரை வைத்து ஏமாறவும் கூடாது. ஒரே மாடலில் ஒரு லாட்டுக்கு ஒரு கார்டு, அடுத்த லாட்டுக்கு வேறு கார்டு என்று கம்பெனிகள் மாற்றிவிடுகின்றன. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஜவுளிக்கடையில் பத்துச் சேலையைப் பிரித்துக் காட்டுகிற ஊரில், டெமோ பீஸில் பத்து நிமிடம் லைவ் பென் டிரைவ் போட்டுப் பார்க்க விடக் கூடாதா? ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் முழிக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. கைரேகை சென்சார் ஓடாவிட்டால் போகட்டும். இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வருகிற பயாஸ் செட்டிங்ஸில், டிஸ்க் இயங்கும் முறை ஆர்எஸ்டி என்று இருப்பதை ஏஹெச்சிஐ ஆக்கினால் அனேகமாகத் தெரிந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிற மெஷினில் மட்டும் யோசித்து மாற்றுங்கள், அது பூட் ஆகாமல் நின்றுவிடும்.

பிரிண்டர் தனிக்கதை. டைப்பிங் கடைகளில் பார்க்கிற கேனான் எல்பிபி 2900-க்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அது 32 பிட் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் மெஷினில் பாடாய்ப் படுத்தும். ஹெச்பி 1020-க்கு ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். ஹெச்பியின் பிளக்-இன்னைப் போட்டுவிட்டால் ஓடும். புதுசாக வாங்குகிறவருக்கு ஏர்பிரிண்ட் என்று போட்டிருப்பதைக் கொடுங்கள், பெரும்பாலும் தனி டிரைவரே கேட்காது.

விண்டோஸில் ஓடுகிற டேலி கணக்கும் பேஜ்மேக்கர் பக்க வடிவமைப்புமே பிழைப்பு என்கிறவர்களை நானும் லினக்ஸ் பக்கம் இழுக்க மாட்டேன். அவர்களுக்கு விண்டோஸ்தான் சரி. பேங்க், மெயில், பிள்ளைகளின் படிப்பு, தமிழ் டைப்பிங் என்று இருப்பவர்களுக்கு செகண்ட் ஹேண்டில் வருகிற லெனோவோ திங்க்பேடும் டெல் லேட்டிட்யூடும் அருமையான சரக்கு. உபுண்டு தன் தளத்தில் சோதித்துச் சான்றளித்த மாடல்களைப் பட்டியலிட்டிருக்கிறது, அந்த இரண்டு வரிசைகளும் அதில் நிறையவே உண்டு.

அப்புறம், கொட்டேஷனில் ரேம், எஸ்எஸ்டி எழுதுகிற வரிக்குக் கீழே வைஃபை சிப்பின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகச் சொன்னால் மின்ட் போட்ட பென் டிரைவோடு நானே கடைக்கு வருகிறேன். உங்கள் டெமோ பீஸ்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர் ஒருவர்