நான்கு எழுத்தை வைத்து ஷிப்ட் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்தக் குணத்துக்காரருக்கு எந்தக் குணத்துக்காரர் ஒத்துப்போவார் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, ‘மயர்ஸ்-பிரிக்ஸ்’ (எம்.பி.டி.ஐ.) குணத் தேர்வின் 16 வகை அட்டவணையைப் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பார்த்தால் சரி. ஆனால் இதை வைத்துத் தொழிற்சாலையில் ஆள் பிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவை கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் நான் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். போன வருடம் பயிற்சியாளர் ஒருவர் வந்து எல்லோருக்கும் அந்தத் தேர்வின் கேள்வித்தாள் கொடுத்து, ஆளுக்கு அவரவர் குண வகையைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் லேத்காரர் ஐ.எஸ்.டி.பி. டெஸ்டிங்கில் இருக்கும் பையன் ஈ.என்.எஃப்.ஜே. இரண்டும் சேராது என்று ஆளுக்கொரு ஷிப்டில் போட்டுவிட்டார்கள்.

லேத்காரர் கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டார். வார்ப்பின் மேல்தோலைச் சீவும்போது குண்டூசி முனையளவு ஓட்டை தெரிந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. காலை மீட்டிங்கில் பத்துப் பேர் நடுவே அதைச் சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். டெஸ்டிங் பையன் நேர்மாறு. டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, விஷயத்தை வாங்கிவிடுவான். அப்புறம் என்னிடம் ஓடி வருவான்: “அண்ணா, இன்னைக்கு வந்த லாட்டைக் கொஞ்சம் பாருங்க, அவரு ஓட்டை இருக்குதுங்கறாரு.” அந்த கேசிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, அப்போதே ஒதுக்கிவிடுவோம். இல்லையென்றால் அது அசெம்பிளி முடிந்து, பிரஷர் ஏற்றும்போதுதான் ஒழுகும். அதற்குள் ஷாஃப்ட், பேரிங், இத்தனை பேர் உழைப்பு எல்லாம் அதில் ஏறியிருக்கும். இருவரையும் பிரித்த பிறகு ஒழுகல் டெஸ்டிங் வரைக்கும் வந்துவிடுகிறது.

அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். பையனுக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லேத்காரருக்கு டூல் வெட்டும் சத்தம் காதில் விழுந்தாக வேண்டும். ஃபினிஷிங் கட், அதாவது கடைசி நுணுக்கச் சீவல், ஓடும்போது பாட்டு கூடாது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஏற்பாடு எந்த அட்டவணையிலும் வராது.

இந்தத் தேர்வின் கதையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1921இல் சுவிஸ் மனநல மருத்துவர் யுங் எழுதிய குண வகைகளை எடுத்து, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் மகள் இஸபெல் மயர்ஸும் உருவாக்கியது இது. இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. முழுக்க உள்முகமாகவோ முழுக்க வெளிமுகமாகவோ ஒரு மனிதர் இருக்க முடியாது என்று யுங்கே சொல்லியிருக்கிறார். கலகலப்பு என்பது உயரம் மாதிரி. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். நடுவில் கோடு போட்டு உள்முகத்துக்கு ‘ஐ’, வெளிமுகத்துக்கு ‘ஈ’ என்று பிரித்தால், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்கிற இருவர் எதிரெதிர் ஆட்களாகிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் கணிசமானோருக்கு வேறு எழுத்து வந்ததை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை விற்கிறவர்களே சொல்கிறார்கள். அப்படிப்பட்டதை வைத்து ஒருவருடைய ஷிப்டை மாற்றலாமா?

பேசாதவர்களைப் பற்றி நிர்வாகங்களுக்கு அக்கறை இருந்தால் செய்ய வேண்டியது வேறு. மீட்டிங்கில் கேட்பதை விட்டுவிட்டு மெஷின் பக்கத்தில் போய்த் தனியாகக் கேளுங்கள். ஒரு சிலேட்டை மாட்டி வையுங்கள், எழுதிவிட்டுப் போவார்கள். பேசுகிறவர் கொண்டுவந்த தகவல் யாருடையது என்று கேட்டு, அவர் பெயரையும் பதிவில் போடுங்கள். போனஸ் பேசும்போது அது அவருக்கு உதவும்.

அடுத்த முறை இந்த அட்டவணையை வெளியிடும்போது, விற்கிறவர்களின் அந்த எச்சரிக்கையையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெஷின் ஷாப் சூப்பர்வைசர்,
கணபதி, கோவை.