கின்சா கடையை விடுங்கள், மாமா

அன்புள்ள மாமா,

டோக்கியோவில் இறங்கியதும் ஒபாமா சாப்பிட்ட சுஷி கடைக்குத்தான் போகவேண்டும், செலவு என் பொறுப்பு என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உங்கள் பென்ஷன் பணம், உங்கள் இஷ்டம். ஆனாலும் அந்தக் கடை வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரிலிருந்து வருகிற எல்லாரும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது சுகியாபாஷி ஜிரோ. கின்சாவில் ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், மொத்தம் 10 இருக்கைகள். 2014 ஏப்ரலில் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே ஒபாமாவை அங்கே அழைத்துப்போனார். உணவகங்களுக்கு நட்சத்திரம் போடுகிற மிஷலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வைத்திருந்த கடை. பொதுமக்கள் நேரடியாக இடம் பிடிக்க வழியில்லை என்பதற்காக 2020 கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். தரம் குறைந்ததால் இல்லை. பெரிய ஹோட்டல்காரர் மூலமாகவோ பழைய வாடிக்கையாளர் மூலமாகவோ முயன்றால்தான் உண்டு. கிடைத்தாலும் சுமார் 20 சுஷி, அதாவது மேலே மீன் வைத்த சின்னச் சின்னச் சோற்றுப் பிடிகள், அரை மணி நேரம், எழுந்துவிட வேண்டியதுதான். நீங்கள் காலைக் காபிக்கே அரை மணி நேரம் எடுப்பவர்.

அதற்குப் பதில், ஒரு வார நாளில், மதியம், அசகுசா பக்கம் ஏதாவது சாதாரணக் கடைக்குப் போவோம். வாசலில் துணி தொங்கும். உள்ளே மரப் பலகை மேஜை, அதற்கு அந்தப்பக்கம் சமையல்காரர். உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு, கைப்பிடி இல்லாத பெரிய கோப்பையில் பச்சைத் தேநீர். மதியத்தில் 'நமி', 'ஜோ', 'தொகுஜோ' என்று சாதா, மேல்தரம், சிறப்பு ஆகிய மூன்று வகை செட் இருக்கும். நடுவில் உள்ளதைச் சொல்லுங்கள். இரவில் பெரிய கடைகளில் தலைக்கு 30,000 யென் போகிற ஊரில் இது அதில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

ஒரு செட்டில் ஏறக்குறைய பத்து வரும். இந்தப் பத்துக்குப் பின்னால் உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு ரேஷன் கதை உண்டு. போருக்குப் பிறகு அரிசித் தட்டுப்பாடு. 1947-இல் உணவுக்கடைகளுக்குக் கடும் கட்டுப்பாடு. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஒரு 'கோ' அரிசி, அதாவது 150 கிராம் சுமாருக்குக் கொண்டுவந்து கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு பத்து சுஷி செய்து தருவார்கள். சாப்பாடு விற்கவில்லை, அரைவை மில் போல வேலைதான் செய்து தருகிறோம் என்று அரசாங்கத்திடம் சொல்லித் தப்பித்தார்கள். அந்த அளவுதான் இன்றைக்கும் ஓர் ஆள் சாப்பாடாக நிலைத்திருக்கிறது. அதற்கு முன், 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் போன்றவர்கள் நிகிரி என்கிற இந்தக் கையால் பிடிக்கும் சுஷியை விற்ற காலத்தில், ஒவ்வொன்றும் இதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியதாம். வேலைக்கு நடுவில் வண்டிக்கடையில் நின்று இரண்டைத் தின்றுவிட்டுப் போகிற ஆட்களின் சாப்பாடு அது. இன்று அதை வழிபாட்டுப் பொருள் ஆக்கிவிட்டார்கள்.

இனி மீன். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து வாங்குகிற ஆள் நீங்கள். 'எல்லாம் இன்றைக்குப் பிடித்ததா?' என்றுதான் முதலில் கேட்பீர்கள். கேட்காதீர்கள். பெரிய சூரை மீனை வெட்டிச் சில நாள் குளிரில் வைத்தால்தான் ருசி ஏறும். ஆழ்கடல் கப்பலில் பிடிக்கிற சூரையை மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். ஐஸ்பெட்டி இல்லாத எடோ காலத்தில் உப்பு, வினிகர், சோயா என்று ஏதோ ஒன்றில் ஊறவைத்தே பரிமாறினார்கள். மீனைப் பச்சையாகத் தூக்கி வைப்பது வேலை இல்லை. அதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதுதான் வேலை.

நம்பிக்கை வரவில்லை என்றால் 'கொஹாதா' கேளுங்கள். நம் மத்திக்கு உறவு. முள் அதிகம். வேடிக்கை என்னவென்றால், மற்ற மீன் வளர வளர விலை ஏறும், இது வளர வளர இறங்கும். கோடையில் வருகிற விரல் நீளக் குஞ்சுக்குத்தான் அடிதடி. நடுத்தரமாக வளர்ந்ததைத்தான் கொஹாதா என்கிறார்கள். முதுகெலும்பை எடுத்து விரித்து, உப்புப் போட்டு, மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து நிமிடக் கணக்கில் வைத்து, கழுவி, வினிகரில் நனைத்து, பிறகு ஓய்வு கொடுப்பார்கள். உப்பு இரண்டு நிமிடம் கூடினால் விறைத்துப்போகும், குறைந்தால் கவிச்சி. மேஜைக்கு வரும்போது வெள்ளித் தோலில் வரிசையாகக் கரும்புள்ளி தெரியும். கடிக்கும்போது தோல் லேசாகத் தடுத்து, பிறகு விட்டுக்கொடுக்கும். முதலில் புளிப்பு, அடுத்து எண்ணெய்ச் சுவை. அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரரா இல்லையா என்பது இந்த மலிவு மீனில் தெரிந்துவிடும். கொழுத்த சூரை வயிற்றை யார் வைத்தாலும் ருசிக்கும்.

செய்கிற கையையும் பாருங்கள். இடது கையில் மீன், வலது கையில் சோறு, ஆள்காட்டி விரலால் ஒரு பொட்டு வசாபி என்கிற காரப் பச்சை விழுது, இரண்டு மூன்று அழுத்தலில் முடிந்துவிடும். வெளியே கட்டிப்பட்டு உள்ளே காற்றோட்டமாக இருக்கவேண்டும். வாயில் போட்டதும் சோறு தானாகப் பருக்கை பருக்கையாகப் பிரியும். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும். சில கடைகளில் பழுப்பு நிறமாகத் தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது அரிசி மதுவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து எடுக்கிற சிவப்பு வினிகர். என்னைக் கேட்டால் சுஷியில் பாதிக்கு மேல் சோறுதான்.

வைத்த உடனே எடுத்து வாயில் போடுங்கள். கல்லிலிருந்து எடுத்த தோசையை யாராவது போட்டோ எடுத்து ஆறவிடுவார்களா? கையால் எடுக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அவரே மேலே சோயா தடவியிருந்தால் மறுபடி தோய்க்கவேண்டாம். இல்லையென்றால் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் தொடவேண்டும். சோற்றை முக்கினால் உடைந்து கிண்ணத்தில் மிதக்கும். இஞ்சி இடையிடையே வாய் கழுவ. மேலே வைத்துத் தின்ன இல்லை. ஜவ்வாது மட்டும் அன்று ஒருநாள் வேண்டாம், மாமா. பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் மணம் அடிப்பதை அவர்கள் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வார்கள். டிப்ஸ் கிடையாது, வைத்தால் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

மறுநாள் பிள்ளைகளோடு பெல்ட் கடை, அதாவது ஓடும் பெல்ட்டில் சுஷித் தட்டுகள் சுற்றிவருகிற கடை. 1958-இல் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்து ஒசாகா பக்கம் ஆரம்பித்தது. 2023-இல் ஒரு பையன் சோயா பாட்டிலை நக்கி வீடியோ போட்டதிலிருந்து பல கடைகளில் தட்டு சுற்றுவது குறைந்து, திரையில் தொட்டு ஆர்டர் செய்தால் நேராக உங்கள் மேஜைக்கு வந்து நிற்கிறது. சால்மன் ஆசை இருந்தால் இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய மாதிரிக் கடைகள் பலவற்றில் அதை வைப்பதில்லை. புழுவுக்குப் பயந்து ஜப்பான்காரர்கள் சால்மனைப் பச்சையாகத் தின்னாமலேதான் இருந்தார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் பண்ணை மீனைக் கொண்டுவந்து பழக்கிவிட்டார்கள். இன்று பெல்ட் கடையில் அதற்குத்தான் முதல் மரியாதை.

அத்தைக்கு வெள்ளரிக்காய்ச் சுருள் இருக்கிறது; வசாபி இல்லாமல் சொல்லிவிடலாம். முட்டையிலும், சுரைக்காய் வற்றல் சுருளிலும், இனிப்பு டோஃபு பையிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும், சைவம் என்று நம்பவேண்டாம். நான் வீட்டில் தயிர்சாதம் பண்ணி வைத்துவிடுகிறேன்.

மீன் சந்தை பார்க்கவேண்டும் என்றீர்கள். மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து டோயோசுவுக்குப் போய்விட்டது. 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது இங்கேதான். வாங்கியவர் சுஷி கடைகளின் முதலாளி. நான் அதை விளம்பரக் கணக்கில்தான் எழுதுவேன். ஏலம் விடிகாலையில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கமுடியும். எழுந்திருப்பீர்கள் என்றால் சொல்லுங்கள்.

விசா வந்ததும் தேதியை எழுதுங்கள். மதியக் கடைக்கும் நான் முன்கூட்டியே இடம் சொல்லிவைக்கவேண்டும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்கவேண்டும், மாமா. கல்யாண வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்